ஏழு நிமிடத்தில் ஒரு கல்லூரி

மார்ச் 28, சனி

இது கோவில்பட்டியிலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்த ஜவுளிக்கடை டைரி. மூன்று மாதமாக என் மனைவி கோமதி இதில் மளிகைச் சாமான் எழுதிக்கொண்டிருந்தாள். துவரம்பருப்பு, பெருங்காயம் என்று நேற்றுவரை வந்துவிட்டாள். இன்று நான் பிடுங்கிக்கொண்டேன். ரத்த அழுத்தம் ஏறினால் கத்தாதீர்கள், எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று எழுத வேண்டிய நாள்.

நித்திலா பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஆசைப்பட்ட கார்னெல் இல்லை என்றுவிட்டது. டேவிஸ் இல்லை. பெர்க்லியும் இல்லை. கிடைத்ததில் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றே ஒன்று, கிழக்குக் கரையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். செங்கல் கட்டடம், சுவரெல்லாம் கொடி. பெயரைச் சொன்னால் நாலு பேர் புருவத்தை உயர்த்துவார்கள். ஒரே குறை, அங்கே பூச்சியியல் கிடையாது. என் மகள் படிக்க விரும்புவது பூச்சியியல். கலிஃபோர்னியாவில் பத்தொன்பது வருடமாக சாஃப்ட்வேர் பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு பிள்ளை.

காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, நான் ஆல்டர் க்ரீக் போறேன். அங்க ரெண்டு வருஷம். அப்புறம் டேவிஸுக்கு மாறிக்கலாம். கார்னெலுக்கும் திரும்பப் போட்டுப் பாக்கலாம்.”

ஆல்டர் க்ரீக் எங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜ், இரண்டு வருடப் படிப்போடு சரி. விண்ணப்பித்தவர் எல்லாருக்கும் இடம் உண்டு. வீட்டிலிருந்து காரில் ஏழு நிமிடம்.

“அது காலேஜா? அந்தப் பார்க்கிங்லதான உங்கம்மைக்கு நான் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தேன்!”

“அதுக்குப் பின்னாடி கட்டடமும் இருக்குப்பா.”

கோமதி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எனக்கு வருத்தம் என்று எதுவும் கிடையாது. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழாக் கூட்டம். விழா மே பதினாறு. தலைமையாசிரியை தேன்மொழி டீச்சர் பட்டியலைப் பார்த்து, “மணி சார், பசங்க அறிமுகம் இந்த வருஷமும் நீங்கதான்” என்றார்.

பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வருவார்கள். சேரப்போகும் கல்லூரியின் பெயர் பொறித்த ஸ்வெட்ஷர்ட் போட்டிருப்பார்கள். பின்னால் திரையில் படம், பெயர், பெற்றோர் பெயர், கல்லூரி. நான் மைக்கில் வாசிப்பேன். பெற்றோர் ஏறிவந்து பொன்னாடை போர்த்துவார்கள். இந்த வழக்கத்தை ஐந்து வருடம் முன்பு கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று கேட்டால், நான்தான். அன்றைக்கு நித்திலா ஏழாம் வகுப்பு. எதிர்காலம் கார்னெல் வடிவத்தில் தெரிந்தது.

இந்த வருடம் பதினொரு பிள்ளைகள். அழகப்பனின் மகனுக்குப் பிரின்ஸ்டன். மகன் இன்னும் ஸ்வெட்ஷர்ட் வாங்கவில்லை, அழகப்பன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“நம்ம நித்திலா எங்க போகுது?” என்றார்.

“இன்னும் முடிவாகல. மே ஒண்ணு வரைக்கும் நேரம் இருக்குல்ல.”

பொய் இல்லையே. என் பக்கத்தில் முடிவாகவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நடைப்பயிற்சியைக் கொஞ்சம் நீட்டினேன். பார்க்கிங்குக்குப் பின்னால் உண்மையிலேயே கட்டடம் இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

ஆல்டர் க்ரீக்கில் பெற்றோருக்கான நாள். மூன்று பேரும் போனோம். நான் எதிர்க்கேள்விகள் பதினேழு எழுதி எடுத்துப்போனேன்.

மாணவர் ஆலோசகர் திருமதி ஃபாம். வியட்நாம்காரர், குள்ளம், குரல் மட்டும் பெரியது. ஒரே தாளில் நான்கு கட்டம் போட்டார். நான்கு செமஸ்டர். எந்தப் பருவத்தில் வேதியியல், எந்தப் பருவத்தில் கால்குலஸ், எதை விட்டால் எது கெடும் என்று அம்புக்குறியோடு வரைந்தார். இந்த மதிப்பெண்ணைக் காப்பாற்றினால் டேவிஸில் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். கார்னெலுக்கு அப்படி உறுதி கிடையாது, ஆனால் இப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களை அவர்களும் எடுப்பதுண்டு. “முதல் பருவத்திலேயே திட்டம் வேண்டும். இரண்டாம் வருடம் யோசிக்கலாம் என்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்” என்றார். என் ப்ராஜெக்டுகளுக்கு இப்படி ஒரு தாள் எவனும் போட்டுக் கொடுத்ததில்லை. பதினேழு கேள்வியில் பதினான்கு செத்துவிட்டது.

பேச்சுவாக்கில் என்னிடம், “நீங்கள் எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டார்.

“மதுரையில், இன்ஜினியரிங்.”

“நான்கு வருடமும் அங்கேயா?”

“ஆமாம்.”

கோமதி எழுந்துபோய், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தை வெகு அக்கறையாகப் படித்தாள்.

அப்புறம் உயிரியல் ஆய்வகம். ஒரு பேராசிரியர் நித்திலாவின் உள்ளங்கையில் பச்சையாக மினுங்கும் ஒரு வண்டை வைத்தார். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். நாங்கள் இருப்பதை அவள் மறந்தே போனாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது என்பதை ஒரு தகவலாக இங்கே பதிகிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நான் படித்த கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஆகஸ்டில் மதுரையில் பழைய மாணவர் சந்திப்பாம். எல்லாரும் முதல் வருடக் கதைகளை அள்ளி விடுகிறார்கள். ராகிங், ஹாஸ்டல் சாம்பார், டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்கியது.

“ஏலே சுடலை, ஃபர்ஸ்ட் இயர்ல நமக்கு டிராயிங் எடுத்த வாத்தியார் பேரு என்னலே?” என்று ராஜாமணி கேட்டிருந்தான். இங்கே மணியாகிவிட்ட சுடலைமணி, அவர்களுக்கு இன்னும் சுடலைதான்.

சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு முதல் வருடம் அவ்வளவாக நினைவில் இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

எக்செல் போட்டேன். ஒரு பக்கம் கொடி படர்ந்த பல்கலைக்கழகம், மறுபக்கம் ஆல்டர் க்ரீக். பாடம், தூரம், ஆசிரியர், சாப்பாடு, மாறிப்போகும் வாய்ப்பு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ஆல்டர் க்ரீக் ஜெயித்தது. எதையோ விட்டுவிட்டோம் என்று பார்த்தால், ‘பெயர்’ என்று ஒரு பத்தி போடவில்லை. போட்டேன். மொத்த நூறு மதிப்பெண்ணில் அதற்கு மட்டும் நாற்பது ஒதுக்கினேன்.

கோமதி தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். “பேருக்கு நாப்பதா? பிள்ளை என்ன பேர வச்சா பாடம் படிக்கப் போறா?”

அப்படியும் ஆல்டர் க்ரீக் இரண்டு மதிப்பெண்ணில் முந்தியது. கணினியை மூடிவிட்டு, போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மே 1, வெள்ளி

நித்திலா ஆல்டர் க்ரீக்கில் பதிந்துவிட்டாள். கொடி படர்ந்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லி மறுத்தும் எழுதிவிட்டாள். நான் வாழ்த்துச் சொன்னேன். கோமதி கேசரி கிண்டினாள். நன்றாக இருந்தது. கேசரி.

மே 3, ஞாயிறு

பதினொரு ஸ்லைடும் தயார். நித்திலாவின் ஸ்லைடுக்குத்தான் நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு நல்ல தீர்வு கிடைத்தது. ‘கார்னெல் பல்கலைக்கழகம்’ என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘இலக்கு, 2028’ என்று சேர்த்தேன். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இலக்கைப் பெரிதாகவும் நடப்பு நிலையைச் சிறிதாகவும்தான் போடுவோம். இதில் தவறு ஒன்றும் இல்லை.

மே 5, செவ்வாய்

தவறு இருந்தது.

ஸ்லைடுகளில் எழுத்துப் பிழை பார்ப்பது நித்திலாவின் வேலை. இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தாள். எட்டாவது ஸ்லைடில் நின்றுவிட்டாள்.

“அப்பா, இது யாரு?”

“நீதான்.”

“நான் கார்னெல் போறேனா?”

“ரெண்டு வருஷம் கழிச்சு. கீழ போட்டிருக்கேன் பாரு.”

“இந்தச் சின்ன எழுத்து யாருக்குத் தெரியும்? ஹால்ல கடைசி வரிசைல இருக்கறவங்க எழுந்து வந்து பாப்பாங்களா?”

நான் இலக்கு, நடப்பு நிலை என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“கார்னெல் என்னை வேணாம்னு சொல்லிடுச்சுப்பா. நான் மூணு நாள் அழுதேன், முடிச்சிட்டேன். நீங்க ஏன் இன்னும் முடிக்கல? நான் போற காலேஜ் பேர எனக்குச் சொல்ல முடியுது. உங்களுக்குத்தான் முடியல. நான் மேடைக்கு வரல.”

கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “சொல்லிருங்க” என்றாள்.

“என்னத்த?”

“நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியும் இதில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். படிக்க ஆளில்லாத இடத்திலும் மறைத்திருக்கிறேனே என்று இப்போதுதான் உறைக்கிறது. எழுதிவிடுகிறேன். ப்ளஸ் டூவில் எனக்குக் கணக்கு காலை வாரியது. எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் இடமில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அங்கே டிப்ளமா முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு மதுரைக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் வருடத்துக்குப் போனேன். எனக்கு அங்கே முதல் வருடமே கிடையாது. வேலைக்கு வந்த புதிதில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் கேட்டவர்களிடம் நாலு வருடம் என்றேன். அதுவே பழகிவிட்டது. கோமதிக்கு மட்டும் கல்யாணமான வாரமே தெரியும்.

இதை நித்திலாவிடம் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தைந்து வருடம் சுமந்ததற்கு இரண்டு நிமிடம். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு நிமிஷம்,” என்றாள். “ஒரு காலேஜ்ல ஆரம்பிச்சு, நல்லாப் படிச்சு, வேற பெரிய காலேஜுக்கு மாறினீங்க.”

“ஆமா.”

“அப்ப நீங்க டிரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட்!”

அவள் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு யாரும் இதுவரை அப்படி ஒரு பட்டம் கொடுத்ததில்லை. “இத்தனை நாளா வீட்டுக்குள்ளயே ஒரு ஆள வச்சுக்கிட்டு நான் இன்டர்நெட்ல தேடிட்டு இருக்கேன்!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒரு வருடம் முன்னாலேயே சேர்ந்திருந்தார்களே, எப்படிச் சமாளித்தீர்கள்? எந்தப் பாடத்தில் பின்தங்கினீர்கள்? சிநேகிதர்கள் எப்போது கிடைத்தார்கள்? கணக்கு மூன்றாம் தாளில் நான் முழி பிதுங்கியதை, முதல் மாதம் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். போவதற்கு முன்பே அடுத்த கல்லூரியின் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிடு என்றேன். பதினெட்டு வருடமாக இந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொல்லி வருகிறேன். இன்றுதான் முதல் தடவையாகக் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

எட்டாவது ஸ்லைடை நானே மாற்றினேன். ஆல்டர் க்ரீக் கல்லூரி, பெரிய எழுத்தில்.

“இப்ப மேடைக்கு வருவியா?”

“வரேன். ஆனா உங்க பேருக்குக் கீழயும் உங்க முதல் காலேஜ போடணும்.”

கோமதி கீரைத் தட்டோடு எழுந்து போய்விட்டாள். முதுகு குலுங்கியதை வைத்துச் சொல்கிறேன், சிரித்தாள்.

மே 7, வியாழன்

என் பெயருக்குக் கீழே மட்டும் போட்டால் நான் தனியாக மாட்டுவேன். கும்பலோடு நிற்பது பாதுகாப்பு. ஆகவே பதினொரு குடும்பத்துக்கும் புதுப் படிவம் அனுப்பினேன். முதல் கேள்வி: பிள்ளை சேரும் கல்லூரி. இரண்டாவது கேள்வி: பெற்றோர் முதன்முதலில் சேர்ந்த கல்லூரி. பட்டம் வாங்கிய கல்லூரி அல்ல, முதன்முதலில் காலடி வைத்தது. தேன்மொழி டீச்சர், “புதுசா இருக்கே சார், போடுங்க” என்றுவிட்டார்.

மே 8, வெள்ளி

பதில் ஒன்றுகூட வரவில்லை. ஸ்வெட்ஷர்ட் அளவு கேட்டால் மட்டும் பத்து நிமிடத்தில் பதில் போடுகிற ஜனங்கள்.

மே 9, சனி

அழகப்பன் போன் செய்தார்.

“ஏம்ப்பா மணி, இந்த ரெண்டாவது கேள்வி கட்டாயமா?”

“கட்டாயம்னு இல்ல. ஏன்?”

“இல்ல, சும்மா கேட்டேன்.” ஆனால் போனை வைக்கவில்லை. “நீ என்ன போட்டிருக்க?”

“பாலிடெக்னிக்.”

“நீயா?”

“நான்தான்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “எனக்குப் பொறியியல் ரெண்டாவது வருஷ முயற்சியிலதான் கிடைச்சுதுப்பா. அதுக்கு முன்னாடி ஊர்ல பி.ஏ. வரலாறு ஒரு வருஷம் படிச்சேன். இது என் பையனுக்குத் தெரியாது. அவன்கிட்ட நான் எல்லாத்துலயும் முதல் முயற்சின்னு சொல்லி வச்சிருக்கேன்.”

இருவரும் சேர்ந்து சிரித்தோம். இவரைப் பதினொரு வருடமாகத் தெரியும். இன்றுதான் பிடித்தது.

அந்தத் தைரியத்தில் மதுரை வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன்: “டிராயிங் வாத்தியார் பேரு எனக்குத் தெரியாதுடா. நான் ரெண்டாம் வருஷம்தான் வந்தேன்.”

ராஜாமணி உடனே பதில் போட்டான். “அடப்பாவி, ஆமால்ல! மறந்தே போச்சு. உனக்குக் கணக்கு நோட்டக் குடுத்தவனே நான்தானல!”

உண்மைதான். நீல அட்டை நோட்டு. ஒரு மாதம் என்னிடமே இருந்தது. வெட்கப்பட்டதை எல்லாம் பத்திரமாக நினைவில் வைத்திருந்த நான், இதை எப்படித் தொலைத்தேன் என்று தெரியவில்லை.

மே 13, புதன்

பதினொன்றும் வந்துவிட்டது. நேராக ஒரே கல்லூரியில் சேர்ந்து அங்கேயே முடித்தவர்கள் மூன்றே குடும்பம். ஒருவர் ஆறு மாதம் சித்த மருத்துவம் படித்திருக்கிறார். ஒரு அம்மா தபாலில் பி.காம். தொடங்கியவர், இப்போது மருத்துவமனை ஒன்றின் நிதி அதிகாரி. இன்னொருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்று எழுதி, ‘இதைக் கல்லூரி என்று ஒப்புக்கொள்வீர்களா?’ என்று கேட்டிருந்தார். ஒப்புக்கொண்டேன்.

கும்பல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது.

மே 16, சனி

ஆண்டு விழா. வேட்டி கட்டிக்கொண்டேன்.

முதல் ஸ்லைடிலேயே ஹால் கலகலத்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் கல்லூரியைப் பார்க்கவே இல்லை, அப்பா அம்மா பெயருக்குக் கீழே இருப்பதைத்தான் படித்தார்கள். அழகப்பன் முறை வந்தபோது அவர் மகன் மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, “ஹிஸ்டரியா?” என்று கத்தினான். அழகப்பன் பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டார். மகன் அதை விலக்கி அவரைக் கட்டிக்கொண்டான்.

எட்டாவது நித்திலா. பச்சை நிற ஆல்டர் க்ரீக் ஸ்வெட்ஷர்ட், இரண்டு அளவு பெரியது. கல்லூரிக் கடையில் அது ஒன்றுதான் இருந்ததாம். நடந்து வந்து நடு மேடையில் நின்றாள்.

“நித்திலா சுடலைமணி,” என்று வாசித்தேன். “ஆல்டர் க்ரீக் கல்லூரி.”

பெயர் முழுசாக, உரக்க வந்தது. அடுத்த வரி என்னுடையது. எத்தனையோ கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசியவன், ஒரு வரியை வாசிக்க முடியாமல் நின்றேன். நித்திலா வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“இவங்க எங்கப்பா, சுடலைமணி. முதல் காலேஜ் பாலிடெக்னிக். அங்க நல்லாப் படிச்சு, மதுரைல இன்ஜினியரிங்குக்கு மாறினாங்க. எங்க வீட்டுல முதல் டிரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட் நான் இல்ல, அப்பாதான்.”

முதலில் கைதட்டியது கோமதி. அப்புறம் ஹால் முழுக்க. நான் அழுதேன். மறைக்கவில்லை. பொன்னாடையை நான் அவளுக்குப் போர்த்த வேண்டும். அவள் அதைப் பிரித்துப் பாதியை என் தோளிலும் போட்டாள். இருவரும் ஒரே பொன்னாடையில் இடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினோம்.

சாப்பாட்டு வரிசையில் மூன்று பேர் தனித்தனியாக என்னை ஓரம் கட்டி, அந்த ஆல்டர் க்ரீக் ஆலோசகர் பெயர் என்ன என்று கேட்டார்கள். மூவரும் ‘சொந்தக்காரப் பையனுக்கு’ என்றார்கள். மூவருக்கும் பத்தாம் வகுப்பில் சொந்தப் பிள்ளை இருக்கிறது. நான் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தேன்.

மே 17, ஞாயிறு

டைரியைத் திருப்பித் தரச் சொல்லிக் கோமதி கேட்கிறாள். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டதாம். நாளை ஒரு நாள் தவணை வாங்கியிருக்கிறேன்.

மே 18, திங்கள்

அலுவலகத்தில் காபி எடுக்கும்போது மேலாளர் கேட்டார், மகள் எங்கே சேர்கிறாள் என்று.

“ஆல்டர் க்ரீக்,” என்றேன்.

“ஓ,” என்றார். தலையை ஆட்டினார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். கார்னெல், டேவிஸ், இரண்டு வருடம், எழுத்துமூலமான உறுதி, எல்லாம் என்னிடம் இருந்தது.

காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.